ஓராண்டும் ஒரு நாளும் கழித்து எழுதப்பட்ட மடல்

“நீதிமன்றம் சொல்லிவிட்டது, அதற்குமேல் நாம் பேச என்ன இருக்கிறது?” என்று சொல்லி ஒதுங்கிக்கொள்வது நம்மில் பலருக்கு வழக்கமாகிவிட்டது. தீர்ப்பை விமரிசித்தாலே அவமதிப்பு வழக்கு வந்துவிடும் என்ற அச்சம் ஒருபுறம். சட்டம் என்பது வழக்கறிஞர்களின் தனிச்சொத்து, நமக்கு அதில் இடமில்லை என்ற தாழ்வு மனப்பான்மை மறுபுறம். உண்மையில் 1971ஆம் ஆண்டின் நீதிமன்ற அவமதிப்புச் சட்டமே, முடிந்துபோன வழக்கின் தீர்ப்பை நேர்மையாக விமரிசிப்பது குற்றமாகாது என்று தன் ஐந்தாம் பிரிவில் கூறுகிறது. வாசல் திறந்தே இருக்கிறது. உள்ளே நுழைபவர்தாம் குறைவு.

அவ்வாசலில் துணிந்து நுழைந்த ஓர் எழுத்தைப் பற்றியதே இக்கட்டுரை. அது நூலன்று, சில பக்கங்களே கொண்ட ஒரு மடல். 1979ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள் உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார், வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர் ஆகிய நான்கு சட்டப் பேராசிரியர்கள், இந்தியத் தலைமை நீதிபதிக்கு எழுதிய திறந்த மடல் அது. இந்தியச் சட்ட ஆய்வுலகில் பருமனான நூல்கள் பல உண்டு. ஆயினும் ஒரு நாட்டின் சட்டத்தையே அசைத்த எழுத்து எது என்று கேட்டால், பலரும் முதலில் சுட்டுவது இந்தச் சிறு மடலைத்தான்.

மடலுக்குக் காரணமான நிகழ்ச்சி 1972ஆம் ஆண்டு மார்ச் 26ஆம் நாள் இரவு மகாராஷ்டிர மாநிலத்தின் சந்திரபூர் மாவட்டத்துக் காவல் நிலையம் ஒன்றில் நடந்தது. பெற்றோரை இழந்து, அண்ணனின் ஆதரவில் கூலி வேலை செய்து வாழ்ந்த பழங்குடிப் பெண் அவள். வயது பதினான்குக்கும் பதினாறுக்கும் இடையில். அவள் மணக்க விரும்பிய இளைஞனின் குடும்பத்தார் அவளைக் கடத்திவிட்டதாக அண்ணன் புகார் கொடுத்தான். விசாரணை முடிந்து எல்லாரும் வெளியேறும் வேளையில், அவளை மட்டும் இருக்கச் சொன்னார்கள். நிலையத்தின் கதவு சாத்தப்பட்டது, விளக்குகள் அணைக்கப்பட்டன. காவலர் ஒருவர் தன்னை வன்புணர்ந்ததாகவும், மதுபோதையிலிருந்த தலைமைக் காவலர் தன்னிடம் முறைகேடாக நடந்ததாகவும் அவள் வெளியே வந்து கூறினாள்.

அவள் பெயரால்தான் நாடு முழுவதும் இவ்வழக்கு அறியப்படுகிறது. நான் அப்பெயரை இங்கு எழுதவில்லை. அவள் வழக்கின் விளைவாகப் பிறந்த சட்டமே, இத்தகைய கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடலாகாது என்று பின்னர் விதித்தது. அந்தக் காப்பு அவளுக்கு மட்டும் கிட்டாமற் போனது இவ்வழக்கின் முரண்களில் ஒன்று.

சந்திரபூர் அமர்வு நீதிமன்றம் 1974ஆம் ஆண்டு இருவரையும் விடுதலை செய்தது. அவள் ஏற்கெனவே உடலுறவுக்குப் பழகியவள், ஆகவே அவள் சொல்லை நம்புவதற்கில்லை என்பது அந்நீதிமன்றத்தின் கணிப்பு. பம்பாய் உயர்நீதிமன்றத்தின் நாகபுரிக் கிளை 1976ஆம் ஆண்டு இதனை மாற்றியது. அச்சத்தால் அடங்கிப்போவது வேறு, மனம் ஒப்பி இசைவது வேறு என்று கூறி, ஒருவருக்கு ஐந்தாண்டும் மற்றவருக்கு ஓராண்டும் சிறைத்தண்டனை விதித்தது. 1978ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அத்தண்டனைகளை நீக்கி இருவரையும் விடுவித்தது. உடலில் காயமில்லை, ஆகவே எதிர்த்துப் போராடினாள் என்பது பொய். அண்ணன் அருகிலிருந்தபோதே கையைப் பற்றியதாகச் சொல்கிறாளே, அப்போது ஏன் கூக்குரலிடவில்லை? தண்டனைச் சட்டம் குறிப்பிடுவது மரண பயம் அல்லது காயம் பற்றிய பயத்தை, அப்படியொரு பயம் மெய்ப்பிக்கப்படவில்லை. உச்ச நீதிமன்றத்தின் தருக்கம் இவ்வாறு சென்றது.

இந்தத் தீர்ப்பு வெளிவந்து ஓராண்டும் ஒரு நாளும் கழித்து நான்கு பேராசிரியர்களும் பேனாவை எடுத்தார்கள்.

மடலின் முதற் சிறப்பு அதன் படிக்கும் முறை. வழக்கமான சட்ட விமரிசனம் தீர்ப்பில் சொல்லப்பட்டதை எடுத்துக்கொண்டு வாதிடும். இம்மடலோ தீர்ப்பில் சொல்லப்படாததைத் தேடுகிறது. அவள் வறியவள்; பழங்குடியினள்; சிறு வயதினள்; தன் உரிமைகள் எவை என்று அறியாதவள்; காவல்துறை என்றாலே ஏழைக்கு எழும் நடுக்கத்தைச் சுமந்தவள். இவற்றில் எதுவும் தீர்ப்பின் கணக்கில் வரவில்லை என்று பேராசிரியர்கள் சுட்டிக்காட்டுகின்றனர். பெண்களை விசாரணைக்கெனக் காவல் நிலையத்துக்கு வரவழைக்கும் போக்கை, நந்தினி சத்பதி வழக்கில் அதே 1978ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் இதே உச்ச நீதிமன்றம் கண்டித்திருந்தது. ஐந்தே மாதங்களில், ஒரு சிறுமியை இரவில் நிலையத்துள் நிறுத்திவைத்ததைப் பற்றி ஒரு கண்டனச் சொல்லும் அதற்குக் கிடைக்கவில்லையா என்று மடல் வினவுகிறது. மௌனத்தையும் சாட்சியாக நிறுத்தும் இந்த வாசிப்பு முறையே மடலின் பெரும் பங்களிப்பு எனலாம்.

இரண்டாவது சிறப்பு அதன் சட்ட நுட்பம். மடல் கண்ணீரை மட்டும் நம்பி எழுதப்பட்டதன்று. இசைவிருந்தால் அங்கே அடங்கல் இருக்கும். ஆனால் அடங்கியவரெல்லாம் இசைந்தவர் ஆகார் என்ற பழைய சட்டக் கோட்பாட்டை அது உயர்த்திப் பிடிக்கிறது. எதிர்ப்பின் தடயம் இல்லை என்பதிலிருந்து இசைவு இருந்தது என்ற முடிவுக்குத் தாவுவது எந்தச் சட்ட நூலிலும் இல்லாத தாவல் என்பதை அது காட்டுகிறது. பூட்டிய நிலையத்துள் இரண்டு காவலரிடம் அகப்பட்ட சிறுமி எழுப்பும் கூக்குரலுக்கு ஓடி வருபவர் யார்? கூக்குரலைக் கேட்டு ஓடி வரவேண்டிய காவலரே அங்கே குற்றம் சாட்டப்பட்டவர்கள் அல்லவா?

இந்த இடத்தில் நமக்குப் பழக்கமான மிகப் பழைய சட்டம் ஒன்று நினைவுக்கு வருகிறது. இணைச்சட்ட நூலின் 22ஆம் அதிகாரம், மணஒப்பந்தமான பெண்ணுக்கு இழைக்கப்படும் தீங்கைப் பற்றிப் பேசுகையில், நகரத்தையும் வயல்வெளியையும் வேறுபடுத்துகிறது. நகரத்தில் கூக்குரலிடாதவளை அது கடுமையாகத் தண்டிக்கிறது. அக்கடுமை இன்று நம்மை அதிரவைப்பது இயல்பே. ஆனால் வயல்வெளியில் நேர்ந்தால், அவள் கத்தியிருப்பாள், காப்பாற்ற ஆளில்லை என்று சட்டமே அவள் சார்பில் எண்ணிக்கொள்கிறது. கேட்பார் இல்லாத இடத்தில் கூக்குரலைச் சான்றாகக் கேட்கலாகாது என்ற அறிவு அத்தனை தொன்மையானது. ஊர் நடுவே இருந்தாலும், கதவு சாத்திய காவல் நிலையம் வயல்வெளிதான். இதைத்தான் உச்ச நீதிமன்றம் காணத் தவறியது.

மடல் என்ற வடிவமும் கருதத்தக்கது. ஆய்விதழில் அடிக்குறிப்புகளோடு கட்டுரை எழுதியிருந்தால் சக பேராசிரியர்கள் படித்திருப்பார்கள். மடலுக்கோ முகவரி உண்டு; முகவரி உள்ள எழுத்து பதிலை எதிர்பார்க்கிறது. மரியாதை குன்றாத விளியும், அடக்கிவைத்த சினமும் மாறி மாறி வரும் நடை அது. பின்னர் அது சட்ட இதழிலும் அச்சேறியது. இந்நால்வரில் லோதிகா சர்க்கார், பெண்களின் நிலை பற்றி 1974ஆம் ஆண்டு அறிக்கை தந்த தேசியக் குழுவில் உறுப்பினராக இருந்தவர். வகுப்பறைக்கு வெளியே உள்ள இந்தியாவை அறிந்தவர்கள் எழுதிய மடல் என்பது அதன் வரிகளில் தெரிகிறது.

இனி அதன் குறைகளையும் சொல்லவேண்டும். யாருக்காக மடல் எழுதப்பட்டதோ அவளுடைய குரல் மடலில் இல்லை. அவள் என்ன விரும்பினாள், வழக்கு மீண்டும் திறக்கப்படுவதை வேண்டினாளா என்று அறிய வழியில்லை. ஏழைக்காகப் பேசுவோர் ஏழையிடம் பேச மறப்பது நல்லெண்ணம் படைத்தோரிடமும் காணப்படும் குறை.

வேறொன்று இதனினும் ஆழமானது. ஆனால் அது மடலின் குறையன்று, மடலுக்குக் கிடைத்த விடையின் குறை. பேராசிரியர்கள் புதிய சட்டத்தைக் கேட்கவில்லை. இருக்கும் சட்டத்தைச் செம்மையாகப் படித்தாலே நீதி கிடைத்திருக்கும், ஆகவே பெரிய அமர்வு ஒன்று வழக்கை மறுபடி பார்க்கட்டும் என்றே கேட்டார்கள். 1980ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் நாள் பல நகரங்களில் பெண்கள் இதற்காக வீதியில் இறங்கினார்கள். தீர்ப்பு மாறவில்லை, சட்டம்தான் மாறியது. சட்ட ஆணையம் 1980ஆம் ஆண்டு தன் 84ஆம் அறிக்கையைத் தந்தது. 1983ஆம் ஆண்டு குற்றவியல் சட்டத் திருத்தம் வந்தது. காவலில் நிகழும் வன்புணர்ச்சிக்குக் குறைந்தது பத்தாண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது. அத்தகைய வழக்கில் உறவு மெய்ப்பிக்கப்பட்டு, பெண் தான் இசையவில்லை என்று சொன்னால், இசைவில்லை என்றே நீதிமன்றம் கொள்ளவேண்டும் என்று சாட்சியச் சட்டத்தில் 114ஏ பிரிவு சேர்க்கப்பட்டது.

குற்றம் சாட்டப்பட்டவன் மேல் சுமையை ஏற்றுவது முறையா என்று சிலர் தயங்கினர். தயக்கம் நியாயமானதே, மெய்ப்பிக்கப்படும்வரை எவரும் நிரபராதி என்பது எளிதில் விட்டுக்கொடுக்கக்கூடிய கொள்கையன்று. ஆனால் காவலில் கதவும் சாவியும் பதிவேடும் ஒரு தரப்பின் கையிலேயே இருக்கின்றன. விளக்கை அணைத்தவனிடம் இருட்டில் நடந்ததற்கு விளக்கம் கேட்பது அநீதி ஆகாது.

ஆனால், புதிய சட்டம் வந்தும் பழைய கண்கள் மாறவில்லை. 1989ஆம் ஆண்டு ஹரியானாவில் காவலர் இருவர் குற்றவாளிகளான வழக்கில், பெண்ணின் ‘நடத்தையை’க் காரணம் காட்டி உச்ச நீதிமன்றம் பத்தாண்டுத் தண்டனையை ஐந்தாகக் குறைத்தது. எண்பதுகளில் பெண்களுக்கென இயற்றப்பட்ட சட்டங்களைத் தொகுத்து ஆராய்ந்த ஃபிளேவியா ஆக்னஸ் 1992ஆம் ஆண்டு எழுதிய கட்டுரை இந்த ஏமாற்றத்தைத்தான் பேசுகிறது: சட்டப் புத்தகம் கடுமையாகிறது, நீதிமன்றத்தின் பார்வை அப்படியே இருக்கிறது. நால்வர் மடல் கேட்டது பார்வை மாற்றத்தை. அரசு கொடுத்ததோ பிரிவு மாற்றத்தை. இவ்விரண்டையும் ஒன்றென்று மயங்குவது பொதுக்கொள்கையில் நாம் அடிக்கடி செய்யும் பிழை.

பார்வை மாற நெடுங்காலம் பிடித்தது. பெண்ணின் கடந்தகால ஒழுக்கத்தைக் கிளறிச் சாட்சியத்தைத் தகர்க்க இடந்தந்த விதி 2002ஆம் ஆண்டு நீக்கப்பட்டது. தில்லிக் கொடுமையை அடுத்து நீதிபதி வர்மா குழு அறிக்கை தந்தபின், 2013ஆம் ஆண்டுத் திருத்தம், உடலால் எதிர்க்கவில்லை என்ற காரணத்தால் மட்டும் இசைந்ததாகக் கொள்ளலாகாது என்று எழுத்தில் வடித்தது. 1979ஆம் ஆண்டு மடலில் இருந்த வாதம் சட்ட வாசகமாக 34 ஆண்டுகள் ஆயின. 2024ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சங்கிதையின் 63ஆம் பிரிவிலும் அது தொடர்கிறது.

இது எங்கோ விதர்ப்பத்தில் நடந்த கதை என்று நாம் ஆறுதல் கொள்ள முடியாது. 1992ஆம் ஆண்டு ஜூன் மாதம் தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தியில் சீருடை அணிந்தவர்கள் பழங்குடிப் பெண்கள் பதினெண்மரை வன்புணர்ந்தனர். குற்றம் சாட்டப்பட்ட 269 அரசு ஊழியரில், தீர்ப்புக்கு முன்பே 54 பேர் இறந்துவிட, எஞ்சிய 215 பேரையும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் அறிவிக்க 2011 ஆயிற்று. சென்னை உயர்நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது 2023இல். அங்கும் தொடக்கத்தில் நம்பப்பட்டது சீருடையின் சொல்தான்.

மொழியிலும் நாம் குற்றமற்றவர்கள் அல்லர். நெடுங்காலம் நம் நாளேடுகள் இக்கொடுமையைக் ‘கற்பழிப்பு’ என்றே எழுதின. அழிந்தது கற்பு என்றால், முன்பே அது இல்லாதவளிடம் அழிக்க என்ன இருக்கிறது என்ற கேள்வி பின்னாலேயே வந்து நிற்கும். சந்திரபூர் நீதிமன்றம் கேட்டது அந்தக் கேள்வியைத்தான். மடல் அதற்கு நேர்நின்று, திருமணத்திற்கு முன் உறவு கொண்ட பெண் என்பதால் காவலருக்கு உரிமம் கிடைத்துவிடுமா என்று திருப்பிக் கேட்டது.

1981ஆம் ஆண்டு பக்ஷியும் சர்க்காரும், ஆக்ராவிலிருந்த பெண்கள் காப்பகத்தின் அவலம் பற்றி உச்ச நீதிமன்றத்திற்கு மற்றொரு கடிதம் எழுதினார்கள். அதை நீதிமன்றம் மனுவாகவே ஏற்று விசாரித்தது. முதல் மடலுக்குத் திறக்காத கதவு இரண்டாவதற்குத் திறந்தது. எழுதியவர்கள் அதே பேராசிரியர்கள்தாம். அவர்கள் எழுதுவதை நிறுத்திவிடவில்லை.

நம் இல்லங்களுக்கு நாளேடு வழியே தீர்ப்புகள் வந்துகொண்டிருக்கின்றன. அடுத்த முறை ஒன்றைப் படிக்கையில், அதில் யாருடைய வறுமை எழுதப்படவில்லை, யாருடைய அச்சம் கணக்கில் வரவில்லை என்று நாமும் தேடிப் பார்க்கலாம். அதற்குச் சட்டப் பட்டம் வேண்டியதில்லை. நால்வரும் எழுதியது சட்ட அறிவோடுதான். ஆயினும் எழுதும்படி அவர்களைத் தூண்டிய கேள்வி, அந்தக் கதவு ஏன் சாத்தப்பட்டது என்பது, நம்மில் யாரும் கேட்கக்கூடியதே.