பெட்டியில் வராதவை

"இன்ஜின் உக்காந்துருச்சுங்ணா, மத்ததெல்லாம் பாத்துக்கலாமுங்க."

கோவைப் பட்டறைகளில் பழைய அம்பாசிடருக்கு இன்ஜின் மாற்றும்போது இந்தப் பேச்சு காதில் விழாமல் இருக்காது. செயின் பிளாக்கில் தொங்கிக்கொண்டிருந்த இன்ஜின் மெல்ல இறங்கி மவுண்டிங்கில் உட்காரும். வண்டிக்காரர் முகம் மலரும், டீ சொல்லப்படும், முக்கால்வாசி வேலை முடிந்த நிம்மதி எல்லோருக்கும் வந்துவிடும். என் கணக்கில் அப்போது கால்வாசி முடிந்திருந்தாலே அதிகம். அந்த 'மத்ததெல்லாம்' என்ற சொல்லுக்குள் கியர்பாக்ஸ், கிளட்ச், பிரேக், ரேடியேட்டர், டேங்க், ஒயரிங், ஆர்.சி. புத்தகம் எல்லாம் அடக்கம். அவற்றில் எதை வாங்குவது, எதைக் கடைந்து செய்துகொள்வது, எதில் கையே வைக்காமல் விடுவது என்பதைத்தான் எடைபோட வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் பழைய காருக்கு இன்ஜின் மாற்றுபவர்களுக்குப் புத்தம்புது இன்ஜின் மரப்பெட்டியில் ஆணியடித்து வீட்டுக்கே வரும். கிரேட் இன்ஜின் என்ற பெயர் அந்தப் பெட்டியால் வந்ததுதான். இன்ஜினை மட்டும் விற்றால் போதாது என்பதை விற்பவர்களே புரிந்துகொண்டார்கள் போலிருக்கிறது. செவர்லே நிறுவனம் 'கனெக்ட் அண்ட் குரூஸ்' என்று இன்ஜின், கியர்பாக்ஸ், இரண்டையும் ஆட்டுவிக்கும் கம்ப்யூட்டர் மூன்றையும் ஒரே தொகுப்பாக விற்கிறது. நமக்குப் பெட்டி கிடையாது. உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளோ, சென்னைப் புதுப்பேட்டையோ, பாடி இற்றுப்போய் வீட்டு வாசலில் நிற்கும் காண்டசா காரோதான் நம் பெட்டி. வாங்கும்போது பேரம் முழுக்க இன்ஜினைப் பற்றியே நடக்கும். அதன் பின்னால் தொங்கும் கியர்பாக்ஸை 'அது வேண்டாம், விலையக் கொறைங்க' என்று கழற்றிப் போட்டுவிட்டு வருகிறவர்கள் உண்டு. அங்கேயே தொடங்குகிறது தப்பு.

இந்த வேலைக்கு நம் நாட்டிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. அதைச் செய்தது ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் மூன்றாம் வரிசையை அடியொற்றி 1950களின் கடைசியில் மேற்கு வங்கத்து உத்தரபாராவில் பிறந்த அம்பாசிடர், வாழ்நாளின் பெரும்பகுதியை 1,489 சி.சி. பி.எம்.சி. பெட்ரோல் இன்ஜினோடு ஓட்டியது. ஐம்பதைச் சற்றே தாண்டும் குதிரைத்திறன். அதே அளவில் வந்த டீசலுக்கு நாற்பதுகூடத் தேறாது. 1984இல் அதே கம்பெனியின் காண்டசா வந்தபோது அவ்வளவு பெரிய உடம்பையும் இந்த 1,489தான் இழுத்தது, இழுக்க முடியவில்லை. பிறகு ஜப்பானின் இசுசு 1.8 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் காண்டசாவுக்கு வந்தது. 1990களின் தொடக்கத்தில் அது அம்பாசிடருக்குள்ளும் இறங்கி '1800 ஐ.எஸ்.இஸட்.' ஆனது. 1,817 சி.சி., 75 குதிரைத்திறன் அளவு. நாற்பது வருடத்தை நெருங்கிய பழைய உடம்புக்குள் வேறு நாட்டு இன்ஜினை இறக்கிய இந்த வேலை, தொழிற்சாலையே செய்த இன்ஜின் மாற்றம் அல்லாமல் வேறென்ன?

அப்போது அவர்கள் கூடவே எதையெல்லாம் மாற்றினார்கள் என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். ஸ்டீயரிங் தண்டில் இருந்த நான்கு கியர் போய், தரையில் நட்ட ஐந்து கியர் பெட்டி வந்தது. முன்சக்கர டிஸ்க் பிரேக்கும் பெடலை இலகுவாக்கும் சர்வோவும் பிற்கால வண்டிகளில் வந்து சேர்ந்தன. வேலையை ஒப்பேற்றுவதில் பேர் வாங்கிய கம்பெனிதான் (இதைச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை, அந்த வண்டிக் கதவுகளை அடித்துச் சாத்தியவன் நான்), ஆனால் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் பிரிக்கக் கூடாது என்பது அதற்குக்கூடத் தெரிந்திருந்தது.

நம் ஊருக்கென்று இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. மற்ற ஊர்களில் திறமை போதாமல் இன்ஜின் மாற்றம் கெடும். கொங்குப் பக்கம் திறமை மிஞ்சிப்போய்க் கெடுகிறது. பம்புக்கும் மில் இயந்திரத்துக்கும் பாகம் கடைந்து பழகிய ஊர். அடாப்டர் பிளேட் வேண்டுமா, கணபதியிலோ பீளமேட்டிலோ ஏதாவது ஒரு லேத்தில் சாயங்காலத்துக்குள் கிடைக்கும். செய்ய முடியும் என்பதாலேயே செய்துவிடுகிறோம். பழைய நான்கு கியர் பெட்டியை வைத்துக்கொண்டு, இசுசு இன்ஜினுக்கும் அதற்கும் நடுவே ஒரு பிளேட்டைக் கடைந்து வைத்து 'செட் ஆயிருச்சு' என்று முடிப்பது இப்படித்தான்.

பிளேட் வட்டமாக இருந்தால் போதாது. கிராங்கின் மையமும் கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்டின் மையமும் ஐந்து 'தவ்'வுக்குள், அதாவது 0.13 மில்லிமீட்டருக்குள், ஒன்றாக இருக்க வேண்டும். பெல் ஹவுசிங்கைப் பூட்டி, கிராங்கில் டயல் கேஜ் கட்டிச் சுற்றிப் பார்க்காமல் அது தெரியாது. பார்ப்பவர்கள் குறைவு. பிளேட்டின் தடிமன் அளவுக்கு இன்புட் ஷாஃப்ட் பின்னால் போகும். அதன் நுனி பைலட் பேரிங்கில் முழுதாக உட்காராமல் அரைகுறையாக நுழைந்து நிற்கும். கிளட்ச் பிளேட்டின் ஸ்ப்லைன் ஒரு கம்பெனியுடையது, பிரஷர் பிளேட் இன்னொன்றுடையது. முதல் ஐந்நூறு கிலோமீட்டருக்கு ஒன்றும் தெரியாது. பிறகு கிளட்ச் மிதிக்கும்போது ஒரு கீச்சல், அப்புறம் முதல் கியர் விழாத சண்டித்தனம், கடைசியில் கியர்பாக்ஸ் முன் பேரிங் சாவு. அதற்குள் மூன்று மெக்கானிக்குகள் கிளட்சைத்தான் குறை சொல்லியிருப்பார்கள்.

இந்த ஊரின் திறமைக்கு வேறு முன்னுதாரணம் இல்லாமல் இல்லை. கோவைக்காரரான எஸ். கரிவர்தன் 1980களின் கடைசியில் ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களைக் கட்டினார். சட்டகம், சஸ்பென்ஷன் எல்லாம் இங்கே உருவானவை. ஆனால் மாருதி 800இன் இன்ஜினை அதன் கியர்பாக்ஸோடு சேர்த்தே ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தார். 1995இல் விமான விபத்தில் மறைந்த அவர் பெயரில்தான் செட்டிபாளையத்துப் பந்தயத் தளம் இருக்கிறது. எதைக் கடைவது, எதை அப்படியே எடுத்துக்கொள்வது என்ற பகுத்தறிவுக்கு நம் மெக்கானிக்குகள் வேறெங்கும் போய்ப் படிக்க வேண்டியதில்லை.

கியர்பாக்ஸைத் தொகுப்பாக வாங்கியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்தது பின் அச்சு. 15 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.1 மீட்டர் உருளும். கிரௌன் பினியன் விகிதம் 4.875 உள்ள பழைய வண்டியில், நேரடி நான்காம் கியரில் 100 கிலோமீட்டர் வேகத்துக்கு இன்ஜின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 3,870 சுற்று சுற்ற வேண்டும். ஐந்தாம் கியரின் விகிதம் 0.85 என்றால் அதே வேகத்துக்கு 3,290 போதும். இந்த வித்தியாசம்தான் சேலம் வரை காது வலிக்காமல் போவதற்கும் போகாததற்கும் நடுவில் இருப்பது. புரொப்பல்லர் ஷாஃப்டைப் புது நீளத்துக்கு வெட்டி, இரு முனை யோக்குகளையும் ஒரே தளத்தில் வைத்துப் பற்றவைத்து, பேலன்ஸ் பார்க்க வேண்டும். லாரித் தொழில் செழித்த சங்ககிரி, நாமக்கல் பக்கம் இதற்கு ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. இங்கே கடைசலை நம்பலாம்.

பிரேக்குக்கு வருகிறேன். நான் இதில் பிடிவாதக்காரன்.

ஆள்களோடு 1,500 கிலோ எடையுள்ள வண்டி குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும்போது ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தை இழக்கிறது. அந்த ஆற்றல் 70 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. அதில் ஒரு பங்கை இன்ஜினும் காற்றும் வாங்கிக்கொள்ளும். மிச்சம் முழுக்க நான்கு டிரம்களுக்குள். 'இது எந்த இன்ஜின் போட்டாலும் உள்ளதுதானே' என்று கேட்பவர் உண்டு. மலையில் அது சரி. சமவெளியில் சரியில்லை. 70இல் போன வண்டி 100இல் போகத் தொடங்கினால், நிறுத்த வேண்டிய ஆற்றல் இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். அவிநாசிக்கு அப்பால் அகலமான சாலையில் 75 குதிரைத்திறன் கொண்ட அம்பாசிடரை யாரும் 70இல் ஓட்டப் போவதில்லை. பழைய டிரம் பிரேக்கை அப்படியே விட்டுவிட்டு இன்ஜினை மட்டும் மாற்றுவதை ஏற்க எனக்கு எந்தக் காரணமும் கிடைக்கவில்லை. பிற்கால அம்பாசிடரின் முன் டிஸ்க், மாஸ்டர் சிலிண்டர், சர்வோ மூன்றையும் ஒரே வண்டியிலிருந்து, ஒரே தொகுப்பாக எடுத்துப் புது சீல் போட வேண்டும். இதில் ஒரு பாகத்தைக்கூட லேத்தில் செய்யக் கூடாது. இன்ஜினை இறக்குவதற்கு முன்னால் இதை முடித்துவிட வேண்டும், பணம் தீர்ந்துபோவது எப்போதும் கடைசி வேலைக்குத்தான்.

டீசல் ஆசையும் இந்த இடத்தில்தான் அடிபடுகிறது. டீசல் மலிவாகக் கிடைத்த காலத்தில் மெட்டாடர் இன்ஜின் போட்ட அம்பாசிடர் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் டாக்ஸிக்காரர்களுக்குச் சோறு போட்டது. அந்தக் கணக்கை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பெட்ரோல் இன்ஜினில் காற்றை அடைக்கும் திராட்டில் இருப்பதால் வெற்றிடம் உண்டாகிறது. சர்வோ அதைக் கொண்டுதான் பிரேக் பெடலுக்குக் கைகொடுக்கிறது. பெரும்பாலான டீசல்களில் அது கிடையாது. ஆல்டர்னேட்டரின் முதுகில் ஒரு வேக்கம் பம்ப் வேண்டும். அது இல்லாமல் டீசலையும் சர்வோவையும் சேர்த்து மாட்டினால் பெடல் கல்லாக இருக்கும். கூடுதல் எடை வேறு. முன்பக்கம் அமுங்கினால் 'டார்ஷன் பாரைத் திருகி ஏத்திக்கலாம்' என்பார்கள். திருகினால் உயரம்தான் ஏறும், ஸ்பிரிங்கின் விறைப்பு அப்படியேதான் இருக்கும். குழியில் இறங்கும்போது வண்டி முன்போலவே தரையைத் தட்டும். சொந்தக் காருக்கு, இன்றைய நிலையில், டீசலைத் தள்ளிவிடலாம்.

இன்றைய இன்ஜெக்‌ஷன் இன்ஜின்? மாருதி ஈகோ கவனிக்கத்தக்கது. 2010இல் வந்த அதன் 1.2 லிட்டர் இன்ஜின் நெடுக்குவாட்டில் நின்று பின்சக்கரத்தை ஓட்டுவது. பழைய பத்மினி கார் போன்ற சின்ன வண்டிக்குப் பொருத்தம்கூட. ஆனால் பழைய டேங்கும் மெக்கானிக்கல் பம்பும் இதற்கு உதவாது. இன்ஜெக்‌ஷனுக்கு மூன்று பார் அளவில் அழுத்தம் வேண்டும், வளைவில் பெட்ரோல் ஒருபக்கம் ஒதுங்கினாலும் பம்ப் காற்றைக் குடிக்காதபடி டேங்குக்குள் தடுப்பு வேண்டும், ஒயரிங் முழுதும் சாவிப் பூட்டு வரைக்கும் ஒரே வண்டியிலிருந்து வர வேண்டும். பாகங்களைக் கழற்றி எடுக்கும் டோனர் வண்டி முழுதாகப் பக்கத்தில் நின்றால் துணியலாம். இன்ஜினும் அதன் கம்ப்யூட்டரான இ.சி.யு.வும் மட்டும் சாக்குப்பையில் வந்தால் வேண்டாம்.

சூடு பற்றிச் சுருக்கமாக. குன்னூர் ஏற்றத்தில் இரண்டாம் கியரில் ஊர்ந்து போகும் வண்டிக்கு முன்னாலிருந்து காற்று வராது. பெரிய ரேடியேட்டரைவிட, அதை ஒட்டி நிற்கும் ஃபேனும் அதைச் சுற்றிய கூடும் முக்கியம். மீட்டரையும் சென்சாரையும் ஜோடியாகவே மாற்ற வேண்டும். பழைய மீட்டரில் புது சென்சாரை மாட்டினால் முள் பொய் சொல்லும். பெரியநாயக்கன்பாளையத்தில் பிரிகால் மீட்டர் செய்கிற ஊர்க்காரர்களுக்கு இதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆர்.சி. புத்தகத்தைக் கடைசியில் பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி பதிவில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றுக்கு முரணாகும்படி வண்டியை மாற்றக் கூடாது, இன்ஜினை மாற்றப் பதிவு அதிகாரியின் அனுமதி வேண்டும். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தயாரிப்பாளர் வகுத்த அமைப்புக்கு மாறான திருத்தங்களுக்கு இடமில்லை என்று கறாராகச் சொல்லிவிட்டது. 1.5 லிட்டர் என்று பதிவான வண்டியில் 1.8 இருந்தால், காப்பீட்டுக்காரர் அதை விபத்துக்குப் பிறகுதான் கண்டுபிடிப்பார். 2021இல் வந்த விதி வேறொரு கோடு போடுகிறது: முதல் பதிவாகி 50 ஆண்டு கடந்து, சேசிஸும் பாடியும் இன்ஜினும் பெரிதாக மாறாத வண்டிக்குத்தான் 'வி.ஏ.' எண்ணோடு வின்டேஜ் பதிவு. இன்ஜின் மாறினால் அது போச்சு.

ஆகவே என் தீர்ப்பு இரண்டாகப் பிரிகிறது. 50 வயதைத் தாண்டிய அல்லது தாண்டப்போகும் அம்பாசிடரில் இன்ஜினை மாற்றவே வேண்டாம். 1,489ஐ போர் போட்டு, லைனர் மாற்றி, பிரேக்கை மட்டும் கச்சிதமாக வைத்துக்கொண்டு 70இல் ஓட்டுங்கள். 1980, 90களின் வண்டி என்றால், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகு, இசுசு 1.8 பெட்ரோலை ஃப்ளைவீல், கிளட்ச், ஐந்து கியர் பெட்டி, கிராஸ்மெம்பர், ரேடியேட்டர் வரை ஒரே வண்டியிலிருந்து எடுங்கள். இன்ஜினுக்கு ஒரு ரூபாய் ஒதுக்கினால் மற்றதற்கு ஒன்றரை ரூபாய் தனியே எடுத்து வையுங்கள். அது கையில் இல்லாவிட்டால் இன்ஜினுக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

இந்தத் தீர்ப்பில் எனக்கே உறுத்தும் ஒன்று உண்டு. தரையில் கியர் வந்ததும் முன்பக்க நீள சீட் போய்விடும். ஓட்டுகிற தாத்தாவுக்கும் சன்னலோரம் உட்கார்ந்த ஆத்தாவுக்கும் நடுவில் நின்றபடி பொங்கலூர் சந்தை வரை வந்த பேரனுக்கு அந்த வண்டியில் இனி பின்சீட்தான்.