துறைமுகமும் துப்பறியும் கதையும்

குற்றவாளி அகப்பட்டதும் துப்பறியும் நாடகம் முடிந்துவிடுவது வழக்கம். அவனை உருவாக்கிய வாழ்க்கை பற்றி அதற்கு அக்கறையில்லை. பத்திரிகையாளராயிருந்த டேவிட் சைமன் படைத்த ‘தி வயர்’ என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் இரண்டாம் பருவத்தை (2003) நாம் வேறாக வைத்து நோக்குவதற்குக் காரணம் இதுவே.

பால்ட்டிமோர் துறைமுகத்தில் கப்பல் வரத்து குறைகின்றது, கூலியும் குறைகின்றது. தொழிற்சங்கத்தை நடத்தும் பிராங்க் சொபொட்கா கள்ளக் கொள்கலன்களை வெளியே விடுகிறான். அப்பணம் அவன் வீட்டுக்குப் போகவில்லை. கால்வாயை ஆழப்படுத்தித் தருமாறு கேட்டு அரசியல்வாதிகளுக்குப் போகின்றது. மாதத்திற் சில நாள் வேலையை நம்பி வாழவியலாத அவனது பெறாமகன் நிக், ஹெரோயின் விற்கத் தொடங்குகிறான். ஏழாவது அங்கத்தில், ரொட்டர்டாம் துறைமுகத்தின் தானியங்கி இயந்திரங்களைக் காட்டும் படமொன்றைப் பிராங்க் பார்க்க நேர்கின்றது. ஆட்கள் தேவைப்படாத துறைமுகம்! போதைப்பொருள் வியாபாரி எங்கிருந்து முளைத்தான் என்பதற்கு அச்சில நிமிடங்கள் தரும் விளக்கத்தை எந்த நீதிமன்றக் காட்சியும் தராது.

2016 டிசம்பரில் கொழும்புத் துறைமுகத்தில் ஏறக்குறைய 800 கிலோ கொக்கெயின் பிடிபட்டபோது நாம் நிறையை அறிந்தோம், பெறுமதியை அறிந்தோம். கொள்கலன் இறக்குபவனின் சம்பளத்தைப் பற்றி எவர் கேட்டார்? துறைமுகத்தின் வாசலிலுள்ள கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தையில் இருந்து பத்திரிகை படிப்போருக்குத் துப்பாக்கிச் சூட்டுச் செய்தியாக மட்டுமே தெரிகின்றது.

ஆயினும், தொடரின் பெருங்குறை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அங்கே சங்கம் இலஞ்சம் கொடுக்கின்றது, மது அருந்துகின்றது, மனம் நோகின்றது. வேலைநிறுத்தம் என்ற எண்ணமே எவருக்கும் உதிப்பதில்லை. இது யதார்த்தத்தின் பாதி மட்டுமே. கொழும்புத் துறைமுகத் தொழிலாளர் 1927ல் ஏ. ஈ. குணசிங்கவின் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தனர். கிழக்கு முனையத்தில் இந்தியாவுக்கும் யப்பானுக்கும் பங்கு கொடுக்கும் திட்டத்தை, தொழிலாளரின் எதிர்ப்புக்குப் பின், 2021 பெப்ரவரியில் அரசாங்கம் கைவிட்டது. அதே ஆண்டில் மேற்கு முனையம் அதானி குழுமத்துடனான உடன்படிக்கைக்குள் சென்றது என்பதும் உண்மையே.

நாம் பெருமைப்பட இன்னொரு தடையும் உண்டு. அதே குணசிங்க 1930களில் மலையாளத் தொழிலாளருக்கு எதிராகச் சிங்களத் தொழிலாளரைத் திருப்பினார். தொடரிலோ போலந்து வழிவந்தவரும் கறுப்பரும் அடுத்த தலைவர் எவர் இனத்தவர் என்று வாதாடுகின்றனர். வாதாடி முடித்து, ஒரே கப்பலில் சரக்கு இறக்குகின்றனர்.