சேர்வராயன் அடிவாரத்திலிருந்து ஒரு பேய்ப்பட அளவுகோல்

சேலத்திலிருந்து ஏற்காடு போகும் சாலையோரம் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு இன்றும் நிற்கிறது. டி.ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கிய இந்த நிறுவனம், அமெரிக்கர்களோடு சேர்ந்து 1952இல் ‘தி ஜங்கிள்’ படத்தை எடுத்தது. தமிழில் அது ‘காடு’. யானைகள் மிரண்டு ஓடுவது ஏன் என்று தேடிப் போகிறவர்கள் எதிரில், அழிந்துபோனதாக உலகம் நம்பிய மாமூத்கள் வந்து நிற்கின்றன. நிஜ யானைகளுக்கே சடைமுடிப் போர்வை போர்த்தி எடுத்த காட்சிகள் அவை. தந்திரம் இன்று பளிச்சென்று தெரிகிறது. ஆனாலும் திகில் ரசிகர்கள் இந்தப் படத்தை மதிக்கக் காரணம் உண்டு: மிருகத்தைக் கடைசிப் பகுதிவரை காட்டாமல் வைத்திருக்கும் பொறுமை. எந்தப் பேய்ப்படத்தையும் முதலில் இந்தப் பொறுமையை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

1963இல் ஹாலிவுட் இயக்குநர் ராபர்ட் வைஸ் ‘தி ஹான்டிங்’ எடுத்தார். அதில் பேய் ஒருமுறைகூடக் கண்ணில் படுவதில்லை. மூடிய கதவு மட்டும் உள்ளே புடைத்துக்கொண்டு வரும். அதே ஆண்டு தமிழில் ஸ்ரீதரின் ‘நெஞ்சம் மறப்பதில்லை’ வந்தது. பாழடைந்த மாளிகை, முற்பிறவி நினைவு, சாகாமல் காத்திருக்கும் கிழ ஜமீன்தாராக நம்பியார். ஏ. வின்சென்ட்டின் கறுப்பு வெள்ளை ஒளிப்பதிவில் இருட்டும் ஒரு பாத்திரமாகவே நடமாடியது. மறு ஆண்டே அவர் மலையாளத்தில் பஷீரின் கதையை ‘பார்கவி நிலையம்’ என்று இயக்கினார். தென்னிந்தியப் பேய்ப்படத்துக்கு முகம் வரைந்தவர் யார் என்று கேட்டால், வின்சென்ட் பெயரைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

அடுத்தது பொய்ப்பேய்ப் பள்ளி. இந்தியில் வந்த ‘வோ கௌன் தீ’யைத் தழுவிய ‘யார் நீ?’ (1966) படத்தில் ஜெயலலிதா வெள்ளைப் புடவையில் வந்து கலங்கடிப்பார். முடிவில் எல்லாம் மனிதர்களின் சூழ்ச்சி என்று தெரியும். அச்சத்தை அவிழ்த்துவிட்டு ரசிகரை நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பும் வகை இது.

‘ஆயிரம் ஜென்மங்கள்’ (1978) அந்த நிம்மதியைக் கொடுக்கவில்லை. செத்துப்போன காதலி, காதலனின் மனைவி உடம்பிலேயே வந்து குடியேறுகிறாள். பழிதீர்க்க வந்த பழையனூர் நீலியின் கதை கேட்டு வளர்ந்த மண்ணுக்கு இது புதிதல்ல. இங்கே பேய்க்கு ஒரு வழக்கு இருக்கும். அந்த வழக்கில் நியாயமும் இருக்கும். ‘முனி’, ‘காஞ்சனா’ வரிசை சிரிப்பைக் கலந்து அந்த வழக்கையே ஊர் திருவிழாவாக்கியது. கூட்டம் வந்தது, பயம் போனது.

பேயை மலை பங்களாவில் குடிவைக்கும் வழக்கத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஸ்டுடியோ புகை தரையோடு கிடக்கும். ஏற்காட்டு மூடுபனி அப்படியா? சில்வர் ஓக் உச்சியை முதலில் விழுங்கி, மிளகுக்கொடி வழியாகக் காப்பிச்செடிவரை இறங்கும். பத்தடியில் நிற்பவர் காணாமல் போவார். பயத்துக்கு வேண்டியது இந்த மறைப்பு. புகை இயந்திரத்தை முடுக்கிவிட்டால் மட்டும் அது வந்துவிடாது.

பங்களாவே இல்லாமலும் மிரட்ட முடியும் என்று 2009இல் இரண்டு படங்கள் காட்டின. விக்ரம் கே. குமாரின் ‘யாவரும் நலம்’ புது அடுக்குமாடி வீட்டில் நடக்கிறது. நாயகன் தனியாக ஏறினால் லிஃப்ட் நகராது. தொலைக்காட்சித் தொடரில் வரும் குடும்பத்துக்கு நடப்பது அவன் வீட்டிலும் நடக்கும். எந்தக் கூடத்திலும் பகலிலேயே ஓடும் சீரியலைப் பேயாக்கியதுதான் இதன் சாதனை. அறிவழகனின் ‘ஈரம்’ தண்ணீரைப் பேயாக்கியது. மனோஜ் பரமஹம்சா நிறங்களை வடித்துவிட்டுச் சிவப்பை மட்டும் உறுத்தவிட்டார். குழாய்த் துளிகூட மிரட்டியது.

இவற்றுக்கும் ஒருபடி மேலே மிஷ்கினின் ‘பிசாசு’ (2014) நிற்கிறது. தன்னைக் காப்பாற்ற முயன்றவன் வீட்டிலேயே வந்து தங்குகிறாள் பவானி. அவளைக் காரேற்றிக் கொன்றவனைத் தேடி அலைகிறான் அவன். பச்சையும் சிவப்பும் பிரித்தறியாத கண் ஒன்று சொன்ன சாட்சியத்தை நம்பித் தவறான வழியில் போகிறான். கொன்றது தன் கார்தான் என்று அவன் அறியும்போது, அவளுக்கு அது முன்பே தெரிந்திருக்கிறது. வழக்குத் தொடுக்க எல்லா நியாயமும் இருந்தும் தொடுக்காத பேயைத் தமிழ் சினிமா அந்தப் படத்தில்தான் இவ்வளவு நெருக்கமாகப் பார்த்தது.