ஒரே பேர், எத்தனை ஆண்டாள்கள்!

எங்கள் தேவதானம் சிவன் ஊர். நச்சாடை தவிர்த்த லிங்கமும் தவம்பெற்ற நாயகியும்தான் எங்களுக்கு எல்லாம். ஆனாலும் ஆண்டாள் என்ற பேர் காதில் விழுந்தாலே எனக்கு உடம்பு சிலிர்த்துவிடும். ராஜபாளையம் போய் பஸ் மாறினால் ஸ்ரீவில்லிபுத்தூர். அந்தப் பேரின் பிறந்த வீடே பக்கத்தில் இருக்க, சிலிர்க்காமல் எப்படி இருக்கும்!

பன்னிரண்டு ஆழ்வார்களில் ஒரே பெண் இவள். முப்பது பாட்டுத் திருப்பாவையால் மார்கழி மாதத்தையே தன்பேரில் எழுதிக்கொண்டவள். சன்னதியில் அவள் இடக்கைக் கிளியைப் பார்த்திருக்கிறீர்களா? மரவள்ளி இலையில் உடம்பு, மாதுளம்பூவில் மூக்கு, வாழை நாரில் கட்டு. தினம் ஒரு புதுக்கிளி! அந்தக் கைவேலையை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை. ஆடிப்பூரத்தன்று "கோவிந்தா கோபாலா" முழக்கத்தோடு தேர் அசையும்போது வடத்தைத் தொட்டுப் பாருங்கள், உள்ளங்கை வழியாக ஊரே உங்களுக்குள் இறங்கும்.

இந்தப் பேர் போன தூரம்தான் என்னை மலைக்கவைக்கிறது. இவள் சூடிய மாலை புரட்டாசி பிரம்மோற்சவத்துக்குத் திருப்பதி போகிறது. சித்திரையில் அழகர் அதைச் சாத்திக்கொண்டுதான் வைகையில் இறங்குகிறார். கிருஷ்ணதேவராயர் இவள் கதையைத் தெலுங்கில் 'ஆமுக்தமால்யதா' என்று காவியமாக்கினார். ராஜபாளையத்து ராஜுக்கள் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். நம் பக்கத்துப் பெண்ணுக்கு அவர்கள் மொழியில் பேரரசர் எழுதிய காவியம் இருப்பதை நினைத்தால் எவ்வளவு பெருமை!

மதுரையில் ஆண்டாள்புரம் இருக்கிறது. திருவரங்கத்தில் கோயில் யானைக்கே ஆண்டாள் என்றுதான் பேர். சென்னையில், ஆதரவற்ற பெண்களுக்காகக் கணவர் முத்தா வெங்கடசுப்பா ராவோடு சேர்ந்து 1928இல் சென்னை சேவா சதனத்தைத் தொடங்கியவர் லேடி ஆண்டாள். சேத்துப்பட்டில் பள்ளிக்கூடமே அவர் பேரில் நடக்கிறது. கோதை என்ற இன்னொரு பேரையும் சேர்த்துக்கொண்டால், 'ஜகன்மோகினி' பத்திரிகையை நடத்தி, 115 நாவல் எழுதி, சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்கும் போன வை.மு. கோதைநாயகி அம்மாள் வந்து நிற்கிறார். தன் மனசில் பட்டதைத் தானே சொல்லத் துணிந்த பெண்ணின் பேர் இப்படிப்பட்டவர்களுக்கு எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது!

எங்கள் பக்கம் பஸ்ஸில் "ஆண்டாளு!" என்று கூப்பிட்டால் ஒருத்தியாவது திரும்பிப் பார்ப்பாள். கோயில், பள்ளிக்கூடம், காவியம் எல்லாம் இருக்கட்டும். இன்னும் வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடும் பேராக இருப்பதுதான் எனக்குப் பெரிய சந்தோஷம். உங்கள் வீட்டில் பெண் குழந்தை பிறந்தால் தயங்காமல் இந்தப் பேரை வையுங்கள். வைத்த கையோடு அவளைத் தூக்கிக்கொண்டு ஆடிப்பூரத்துக்கு வாருங்கள்!