படம் மறைத்த பாடம்

யேசு சபைத் துறவி அதனாசியஸ் கிர்ச்செர் 1665 இல் வெளியிட்ட ‘நிலக்கீழ் உலகம்’ என்னும் இலத்தீன் நூலில் அத்திலாந்திஸ் தீவின் படம் ஒன்றுண்டு. தெற்கு மேலாக வரையப்பட்ட அதில், ஸ்பெயினுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே அத்தீவு பெருநிலமாகக் கிடக்கின்றது.

அக்கதையை எழுதிய பிளேற்றோவும் தீவின் திசையைச் சுட்டினார்; எனினும், அது எங்கிருந்தது என்பதன்று, செருக்குற்ற பேரரசு ஏன் அழிந்தது என்பதே அவர் உணர்த்த விழைந்தது. படமோ முன்னதை நிறுவப் புகுந்து பின்னதை மறைத்துவிட்டது. கோடாக வரையப்பட்டதும் கற்பனை சான்றெனத் தோன்றுகின்றது.

சிலப்பதிகாரம் கூறும் கடல்கோளைக் கொண்டு குமரிக்கண்டப் படங்கள் வரைந்த நம்மவர்க்கும் இது பொருந்தும். இலக்கியம் உணர்த்தும் இழப்பை நிலப்படத்தால் அளத்தல் இயலாது. கதையைப் புவியியலாக்குதல் இரண்டையும் சிதைப்பதாகும்.