கிழக்குத் தாம்பரம் 600059

தாம்பரம் ஸ்டேஷனுக்கு மேற்கே 600045, கிழக்கே 600059. கடித உறையின் கடைசி வரியில் எழுதும் இந்த இரண்டு எண்களும் குணத்தில் நேரெதிர். மேற்கு, எதையும் மறைக்கத் தெரியாத எண். கடைசி இலக்கம் 5. இலக்கங்களின் கூட்டுத்தொகை 15. ஐந்தாலும் மூன்றாலும் வகுபடும் என்பது பார்த்தவுடனே தெரியும். 3 × 5 × 109 × 367, அவ்வளவுதான்.

கிழக்கு லேசில் பிடிகொடுக்காது. 2, 3, 5, 7 என்று பகா எண்களால் வரிசையாக வகுத்துக்கொண்டே போகவேண்டும். 19ஆல் வகுத்தால் மீதி 1, 61ஆல் 2, 107ஆல் 3. ஒவ்வொரு முறையும் நூலிழையில் தப்பிக்கிறது. 73இடம் மாட்டியிருக்கும், ஒன்றே ஒன்று குறைகிறது! நூறாவது பகா எண் 541. அதற்கும் 90 மீதி. இதுவே ஒரு பகா எண்தான் போலிருக்கிறது என்று பேனாவை மூடத் தோன்றும் இடம் இது. மூடக்கூடாது. மொய்ப்பணத்தில் நூறுக்கு மேல் ஒரு ரூபாய் வைப்போமே, அதுபோல இன்னும் ஒன்று. நூற்றோராவது பகா எண் 547. மீதி இல்லை. 547 × 1097 = 600059. அந்த 1097உம் பகா எண்தான்.

ஃபெர்மாவின் வழியில் போனால் இன்னும் ருசி. 775இலிருந்து தொடங்கி, ஒவ்வொரு எண்ணின் வர்க்கத்திலிருந்தும் 600059ஐக் கழித்து, மிஞ்சுவதும் ஒரு வர்க்கமா என்று பார்க்கவேண்டும். 48ஆவது முயற்சியில், 822இல், 75625 மிஞ்சும். அது 275இன் வர்க்கம். 822இல் 275ஐக் கழித்தால் 547, கூட்டினால் 1097.

ராமானுஜன் 1915இல் வகுத்திகள் மலிந்த எண்களைப் பற்றி எழுதினார். அந்த இனத்தைச் சேர்ந்த 554400க்கு 216 வகுத்திகள். நம் எண்ணுக்கு அடுத்து நிற்கும் 600060க்கே 48 உண்டு. 600059க்கு நான்குதான்: 1, 547, 1097, பிறகு தானே. எனக்கு இந்தச் சிக்கனம்தான் பிடித்திருக்கிறது.

சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி 1937இல் தாம்பரத்துக்குக் குடிவந்தபோது இந்த எண் கிடையாது. பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15இல். தபால் துறை வரிசைப்படி கொடுத்த ஓர் எண்ணுக்குள் 547 வந்து உட்கார்ந்ததை நினைத்தால் இன்றும் மனம் சிலிர்க்கிறது. ஏனென்றால் 547 கோலக்காரர்களின் எண். 14இன் கனத்தில் 13இன் கனத்தைக் கழித்தால் வருவது அது. பகா எண் என்பதால் நேர்ப்புள்ளியில் செவ்வகமாக அதை அடுக்க முடியாது. இடுக்குப் புள்ளியில் வையுங்கள்: நடுவில் 27, இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாகக் குறைத்து 14 வரை. ஒரு புள்ளி மிஞ்சாமல், ஒரு புள்ளி குறையாமல், 547இல் ஓர் அறுகோணம் நிறையும்.

மார்கழி விடியலில் கிழக்குத் தாம்பரத்தில் 1097 வாசல்களில் 27 புள்ளி, 14 வரை என்று இதே கோலத்தைப் போட்டால், ஊர் முழுக்க வைத்த புள்ளிகள் சரியாக 600059.