குழல்முனையில் ஏறும் பாரம்

2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் பெண்கள் 10 மீட்டர் ஏர் ரைபிள் தகுதிச்சுற்றில் ரமிதா ஜிண்டால் 631.5 புள்ளியுடன் ஐந்தாவதாக வந்தார். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 630.7 எடுத்தும் பத்தாவது. முதல் எட்டுப் பேருக்கே இறுதிச்சுற்று. அந்த இலக்கில் 0.1 புள்ளி என்பது கால் மில்லிமீட்டர். ஆக 60 குண்டுகளையும் சேர்த்து இருவருக்கும் இடைவெளி 2 மில்லிமீட்டர்தான். மயிரிழையில் எல்லாம் முடிவாகும் விளையாட்டில் துப்பாக்கியில் எடைக்கட்டிகள் வாங்கி மாட்டும் மோகம் பரவுவதைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் துப்பாக்கியின் எடைக்கு விதி அனுமதிக்கும் உச்சமான 5.5 கிலோவை எட்டியே தீரவேண்டும், அதுவும் குழல்முனையில் ஏற்றியே எட்டவேண்டும் என்று நேற்றுச் சேர்ந்த பிள்ளைக்கும் சொல்லிக்கொடுப்பது தவறு.

கனமான துப்பாக்கி லேசில் ஆடாது என்பது மெய். தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் திருவண்ணாமலையில் தேர்வடம் பிடித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் நகர்ந்துவிட்ட தேரை நிறுத்தவும் திருப்பவும் முட்டுக்கட்டை போடுகிறவர்கள் படும் பாடும் அதே மாடவீதியில்தான் தெரியும். முனை கனத்த ரைபிளும் மெதுவாக விலகும், மெதுவாகவே திரும்பும். சீக்கிரம் திருப்ப நினைத்தால் தசையை இறுக்க வேண்டும், இறுக்கிய தசை நடுங்கும். மேலும், ஆட்டத்தைத் தடுப்பது மொத்த எடை மட்டுமல்ல, எடை இருக்கும் தொலைவும்தான். கழைக்கூத்தாடி கயிற்றில் ஏறும்போது நீண்ட கழியைத் தேடுவது இதனால்தான். சுழற்சிக்கான எதிர்ப்பு தொலைவின் வர்க்கத்தைப் பொறுத்தது: தாங்கும் கையிலிருந்து 60 செ.மீ. தள்ளி வைத்த 100 கிராம், 20 செ.மீ.இல் வைத்த 900 கிராமின் வேலையைச் செய்யும். அப்படியிருக்க 5.5 கிலோவை நிரப்பும் அவசரம் எதற்கு?

முனையில் வைத்த அந்த 100 கிராமுக்கும் விலை உண்டு. அதை ஈடுகட்டக் கைக்குப் பின்னால் 20 செ.மீ.இல் 300 கிராம் வேண்டும். இல்லையென்றால் தோளும் வலக்கையும் பின்கட்டையை அழுத்திப் பிடிக்க, உடல் இன்னும் பின்னுக்குச் சாயும். நின்று சுடும் நிலையின் அடிப்படையே, இடுப்பில் ஊன்றிய முழங்கை வழியாகப் பாரம் எலும்பில் இறங்க வேண்டும், தசை ஓய்வாக இருக்க வேண்டும் என்பது. அது அமையாத பிள்ளையின் துப்பாக்கியில் எடை ஏற்றினால் ஆட்டம் குறைந்ததுபோல் தோன்றும். ஆட்டத்துக்குக் காரணமான பிழை அப்படியே இருக்கும். கால் வைப்பும் பின்கட்டையின் நீளமும் கன்னம் படியும் உயரமும் கோணலாகவே இருக்க, எடைக்கட்டி அவற்றை மூடிவைக்கிறது. இதுதான் என் பெரிய மறுப்பு. பாரமும் எல்லோருக்கும் ஒன்றல்ல: 80 கிலோ ஆணுக்கு 5.5 கிலோ உடல் எடையில் 7 விழுக்காடு. 45 கிலோ சிறுமிக்கு 12. விதி இருவருக்கும் ஒன்று, முதுகெலும்பு ஒன்றல்ல.

உலகச் சாம்பியன்கள் முனையில் எடை வைக்கிறார்களே என்பார்கள். வைக்கிறார்கள், பல்லாயிரம் முறை நின்று நிலையை உறுதியாக்கிய பிறகு, கடைசித் திருத்தமாக. இறுதிச்சுற்றின் படபடப்பில் கனம் கைகொடுக்கும் என்பதும் பாதி உண்மையே. அதற்கு முன் தகுதிச்சுற்றைக் கடக்க வேண்டும்: அதில் பெண்களுக்கும் 2018 முதல் 40 குண்டுகளுக்குப் பதில் 60. ஒன்றேகால் மணி நேரம் அந்தப் பாரத்தைத் திரும்பத் திரும்பத் தூக்க வேண்டும். எனவே பிள்ளைகள் எடையைச் சிறுகச் சிறுகக் கூட்டி, ஒவ்வொரு முறையும் முழுப் போட்டி சுட்டுப் பார்க்கட்டும். முதல் பத்துக் குண்டுகளின் அழகைப் பார்த்து முடிவெடுக்காமல், கடைசி இருபதும் அதே இடத்தில் விழுகின்றனவா என்று பார்த்துவிட்டு அடுத்த கட்டியை மாட்டட்டும்.